மாடியில் ஐந்து எருமைகள்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வரும்போது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பாத்திக்கு எந்தத் தொட்டி நல்லது, அதை எதைப் போட்டு நிரப்புவது? கருங்கல் ஜல்லியா, செங்கல் உடைசலா, சுட்ட களிமண் உருண்டையா? நான் வாயைத் திறப்பதற்குள் கைப்பேசியில் ஒரு படத்தை நீட்டி, "இது எப்படி சார்?" என்கிறார்கள். படத்தில் எல்லாப் பாத்தியும் நன்றாகத்தான் இருக்கும். படத்தில் எடை தெரியாது.

சங்கரன்கோவிலில் வீடு வீடாக மீன்தொட்டியும் செடிப்பாத்தியும் சேர்த்து அமைத்துக் கொடுக்கும் வேலையை என் முழங்கால் அனுமதித்த வரைக்கும் பார்த்தேன். சிவகிரி, திருவேங்கடம், கரிவலம் என்று சுற்றுவட்டாரமும் போயிருக்கிறேன். மீன் கழிந்த தண்ணீரை மோட்டார் பாத்திக்கு ஏற்றும். பாத்தியிலுள்ள கல் அதை வடிகட்டும். செடி தனக்கு வேண்டியதைக் குடித்துக்கொள்ளும். மிச்சத் தண்ணீர் சுத்தமாக மீனுக்கே திரும்பும். கேட்க இவ்வளவு சுலபமான காரியத்தில் மனிதர்கள் எத்தனை விதமாகத் தப்புச் செய்ய முடியும் என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். நாற்பத்தொன்றில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்; இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சின்னத் தப்புகளை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். எந்தக் கல்லையும் வினிகர் விட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீர் கெடும், செடி மஞ்சளாகும். நம் ஊரில் சாயப்பட்டறை டிரம் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். ஒருவர் மூன்று முறை கழுவிவிட்டேன் என்று சத்தியம் செய்து வைத்தார். நான்காம் நாள் அவர் வீட்டு மீன்தொட்டி ரோஸ்மில்க் போல இருந்தது.

இனி பெரிய தப்புக்கு வருகிறேன். மைதீன் வீட்டு விஷயம்.

மைதீன் துபாயில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். முப்பது வயது, உம்மாவுக்கு ஒரே பிள்ளை. திரும்பிப் போக மாட்டேன், வீட்டிலேயே மீனும் கீரையும் வளர்த்து விற்பேன் என்று பிடிவாதமாக இருந்தான். அவன் வீடு ஒரு காலத்தில் தறிக்கூடம். கீழே பத்துத் தறி ஓடிய ஒரே பெரிய கூடம், நடுவில் தூண் கிடையாது, குறுக்குச் சுவர் கிடையாது. தறிகளை எடுத்த பிறகு அந்தக் கூடத்தில்தான் தாயும் பிள்ளையும் குடியிருந்தார்கள். மேலே காங்கிரீட் மாடி. முற்றத்தில் மீன்தொட்டி.

அவனுக்கு நான் அமைத்துக் கொடுத்தது மாடியில் சுவர் ஓரமாக இரண்டு ஃபைபர் தொட்டிகள். ஒவ்வொன்றும் எட்டு கன அடி. உள்ளே சுட்ட களிமண் உருண்டை. கல்லின் எடையில் அது கால்வாசிகூட வராது. முற்றத்துத் தொட்டியில் பதினாறு ஜிலேபி மீன். ஏன் பதினாறு? வளர்ந்த மீன் ஒன்றுக்குப் பாத்தியில் ஒரு கன அடியாவது வேண்டும் என்பது நான் கடைப்பிடித்த அளவு. எட்டும் எட்டும் பதினாறு. எட்டு மாதமாகப் புதினாவும் தண்டுக்கீரையும் தெருவுக்கே போதும்போல வளர்ந்தன.

இந்த நிலையில் கடையநல்லூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் என்ன தொழில் பார்க்கிறான் என்று பெண் வீட்டில் கேட்க, மைதீன் பெருமையாகத் தன் பாத்தியை வீடியோ எடுத்து அனுப்பினான். அதைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் மாமி ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்:

"என்ன புள்ள இது, ஆட்டுப் புழுக்கையில செடி வச்சிருக்கான்!"

சுட்ட களிமண் உருண்டை பார்க்க அப்படித்தான் இருக்கும். இதில் நான் மாமியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் மைதீனுக்குத் தூக்கம் போய்விட்டது. பெண் வீட்டார் பதினொரு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, வீட்டையும் தொழிலையும் நேரில் பார்த்து, பிடித்தால் அன்றைக்கே பேசி முடிப்பதாக ஏற்பாடு. அன்று காலையில் நீங்கள் வந்து ஒரு பார்வை பார்க்க வேண்டும் அண்ணாச்சி என்று அவன் என்னைக் கூப்பிட்டிருந்தான். ஏன் கூப்பிட்டான் என்று நான் யோசித்திருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறவன் என்னைக் கூப்பிட மாட்டான்.

போனேன். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மீனை எண்ணுவது என் பழக்கம். முப்பத்திரண்டு இருந்தன. இன்னொரு தடவை எண்ணினேன். முப்பத்திரண்டுதான்.

"ஏலே, மீன் எப்படி ரெண்டு மடங்காச்சு?"

"பாத்திய பெருசாக்கிட்டேன் அண்ணாச்சி. மூணு வாரம் ஆச்சு. ஒங்களுக்குச் சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல."

என் வயதில் சர்ப்ரைஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே நாடி பிடித்துப் பார்க்கத் தோன்றும்.

மாடிக்குப் பத்தொன்பது படி. ஏறிப் பார்த்தேன். சுவர் ஓரத் தொட்டிகள் காலியாகக் கிடந்தன. மாடியின் நட்ட நடுவில், படியேறி வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி, எட்டடிக்கு நாலடி, ஓரடி உயரத்தில் செங்கல் கட்டி, தார்ப்பாய் விரித்து, விளிம்பு வரைக்கும் கருங்கல் ஜல்லி கொட்டியிருந்தான். கல்லை ஒவ்வொன்றாகக் கழுவியிருப்பான் போல, வெயிலில் பளபளத்தது. மேலே கீரையும் தக்காளியும் வரிசை பிடித்து நின்றன. அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

"இப்பம் சொல்லுங்க, புழுக்கை மாதிரியா இருக்கு?" என்றான் மைதீன்.

நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு கன அடி ஜல்லி. கன அடிக்கு நாற்பத்தைந்து கிலோ. கல் இடுக்கில் நிற்கும் தண்ணீர். சுற்றிலும் செங்கல். இரண்டு டன்னைத் தாண்டியது. அதுவும் தூணே இல்லாத கூடத்தின் நடுவில்.

விறுவிறுவென்று கீழே இறங்கினேன். விறுவிறு என்பது என் கணக்கில். உம்மா கூடத்தின் நடுவில் விருந்தாளிகளுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார். பாயின் மேல் வெள்ளையாகக் காரைத் துண்டுகள். ஏழு.

"இது எங்கருந்து விழுது?"

"பல்லி தட்டி விடுது அண்ணாச்சி. ஒரு வாரமா ரெண்டு வேளை கூட்டுதேன்," என்றார்.

அண்ணாந்து பார்த்தேன். கூரையின் நடுவில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல், நாலடி நீளத்துக்கு ஓடியிருந்தது. அந்த வேலையைச் செய்யக்கூடிய பல்லி இந்த ஜில்லாவில் கிடையாது.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு கொஞ்சம் நிற்க வேண்டும். நான் என்ஜினியர் இல்லை. அந்தக் கீறல் பழையதாக இருக்கலாம். மூன்று வாரம் தாங்கிய மாடி இன்னும் மூன்று வருடம் தாங்கலாம். இப்போது கல்லை இறக்கச் சொன்னால், பெண் வீட்டார் வரும்போது தோட்டம் இருக்காது. தோட்டத்தைக் காட்டித்தான் பெண் கேட்கிறான். ஒன்றும் இல்லாத கீறலுக்காக ஒருவன் கல்யாணத்தைக் கெடுத்த கிழவன் என்ற பெயர் எனக்கு நிற்கும்.

மைதீனும் அதையேதான் சொன்னான். "சாப்பிட்டுப் போற வரைக்கும் அண்ணாச்சி. ரெண்டு மணி நேரம். அவங்க வண்டி ஏறுன அடுத்த நிமிசம் நானே எறக்கிருதேன்."

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேரில் பாதிப் பேர் மாடியேறிப் பாத்தியைச் சுற்றி நிற்பார்கள். மீதிப் பேர் அதற்கு நேர் கீழே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று வாரமாக இல்லாத சுமை அன்றைக்கு, அந்த நேரத்துக்குத்தான் கூடப் போகிறது. தெரியாத விஷயத்தில் நான் ஒரே ஒரு பக்கம்தான் சாய்வேன்: சுமையை இறக்கு, பிறகு பேசு.

உம்மாவிடம் கேட்டேன். "தாயி, மாடிக்கு நடுவுல அஞ்சு எருமை மாட்டைக் கெட்டிப் போட்டா நீங்க கீழ படுப்பியளா?"

அவர் திகைத்தார். "எருமையை எதுக்கு மாடிக்கு ஏத்தணும்?"

"ஏத்தியாச்சு. அவ்வளவு எடை மேல நிக்கி."

"அல்லா! ஏலே மைதீனு, எருமை எங்கலே வந்துச்சு?"

"எருமை இல்ல உம்மா, கல்லு! அண்ணாச்சி சும்மா கணக்குக்குச் சொல்லுதாங்க."

"கணக்குக்குன்னாலும் அஞ்சு எதுக்குலே? ஒண்ணு போதாதா?" என்று உம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார். அதோடு முடிவாகிவிட்டது.

ஞாயிறு என்பதால் பக்கத்துத் தறிக்காரர்கள் நாலு பேர் சும்மா இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டோம். மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு, சட்டி சட்டியாகக் கல்லை அள்ளி முற்றத்தில் கொட்டினார்கள். ஒவ்வொரு சட்டியையும் நான் படியடியில் நின்று எண்ணினேன்.

"ஏலே மாப்ளே, கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பாங்க. நீ எதுக்குலே வீட்டப் பிரிக்க?" என்றான் ஒருவன்.

"பெண்ணு வீட்டுக்காரங்களுக்குக் கல்லு சோறு போடுதான்லே," என்றான் இன்னொருவன்.

மைதீன் அடுத்த சட்டியைத் தலையில் ஏற்றினான். எல்லோரையும் விட வேகமாகச் சுமந்தான்.

எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று அப்போது நடந்தது. கல்லைக் கிளறியதில் அடியில் தங்கியிருந்த கழிவு மொத்தமும் குழாய் வழியே மீன்தொட்டிக்கு இறங்கிவிட்டது. தண்ணீர் காப்பி நிறமானது. முப்பத்திரண்டு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்தன. வீட்டில் பிரியாணிக்காக ஜமாத்திலிருந்து வாங்கி வந்த அண்டா இரண்டு இருந்தன. ஒன்று அடுப்பில், ஒன்று காலி. காலி அண்டாவில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி மீன்களை அள்ளிப் போடச் சொன்னேன்.

"ஜமாத்து அண்டால மீனா!" என்று உம்மா அலறினார்.

"கழுவிக் குடுத்துரலாம் தாயி. மீனு செத்தா கழுவ முடியாது."

மேலே, சுவர் ஓரத்துப் பழைய தொட்டிகளைத் திரும்ப வைத்து, படிக்கு அடியில் சாக்கில் கிடந்த களிமண் உருண்டையை நிரப்பினோம். அது மூன்று வாரம் காய்ந்து கிடந்ததால், மீன் கழிவைச் செடிக்கு உணவாக்கித் தரும் நுண்ணுயிர் அதில் உயிரோடு இருக்காது. அதனால் பாத்தியில் ஊறியிருந்த கல்லில் தொட்டிக்கு இரண்டு சட்டி கலக்கச் சொன்னேன். தயிருக்குப் பிரை ஊற்றுவது போலத்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், எந்தப் படத்திலும் இது வராது.

கடைசிச் செங்கல் கீழே வந்தபோது வாசலில் வேன் வந்து நின்றது.

முற்றத்தில் கல் குவியல். மாடியில் துவண்ட கீரை. மாப்பிள்ளை தலையிலிருந்து கால் வரைக்கும் சேறு. பதினொரு பேரும் இறங்கி அப்படியே நின்றார்கள். மாமி யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வீடியோவுல புழுக்கையாவது இருந்துச்சு," என்றார் அவர். "நேருல அதுவும் இல்லயே!"

பெண்ணின் வாப்பா நல்ல உயரமான மனிதர். துபாயில் கட்டட வேலைக்குக் கிரேன் ஓட்டியவர் என்று மைதீன் சொல்லியிருந்தான். அவர் கல் குவியலைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், முற்றத்தைச் சுற்றி வந்தார். அண்டாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! மீன உசுரோட வச்சிருக்காங்க பாருங்க! நாம வந்த பெறகு பிடிச்சுப் பொரிக்கணும்னு இருந்திருக்காங்க. இதுல்லா மரியாதை!"

மைதீன் முகம் செத்துப்போனது. தன் மீனில் ஒன்றைக்கூட அவன் இதுவரை தின்றதில்லை. இது சாப்பாட்டுக்கு இல்லை என்றால் விருந்தாளிக்கு அவமரியாதை. ஆமாம் என்றால் தொட்டி காலி. மீன் இல்லாமல் பாத்தியும் போய்விடும். அவன் காட்ட நினைத்த தொழிலே போய்விடும். அவன் என்னைப் பார்த்தான். உம்மாவும் என்னைப் பார்த்தார். எல்லோரும் ஏன் எப்போதும் என்னையே பார்க்கிறார்களோ தெரியாது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பாத்தி முப்பத்திரண்டு கன அடியிலிருந்து பதினாறுக்கு வந்துவிட்டது. பதினாறு கன அடி பதினாறு மீனைத்தான் தாங்கும். மீதியையும் திரும்பத் தொட்டியில் விட்டால் எல்லாம் சேர்ந்து சாகும். இன்றைக்கே பாதி மீன் போயாக வேண்டும்.

"பதினாறு பொரிக்கலாம் பாய்," என்றேன். "பதினாறு தொட்டிக்கு."

"அது என்ன அண்ணாச்சி கணக்கு?"

சொன்னால் கல்லை ஏன் இறக்கினோம் என்பதும் வெளியே வந்துவிடும். மாடியில் கீறல் விட்ட வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்? நான் வேறு கணக்கு ஒன்றைத் தேடினேன். அதற்குள் மைதீன் முந்திக்கொண்டான்.

"கல்லு ஏத்துனது நாந்தான் மாமா. ஒங்களுக்குக் காட்டணும்னு, அழகா இருக்கணும்னு ஏத்துனேன். மாடி தாங்காதுன்னு அண்ணாச்சி சொன்னாங்க. அதான் எறக்கிட்டோம். உள்ள கூரையில கீறல் இருக்கு. நீங்களே பாருங்க."

அவர் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

"மொத்தம் எத்தன டன்னு?"

"ரெண்டுக்கு மேல," என்றேன்.

"எடை பாக்காமலா ஏத்துன?" என்று மைதீன் பக்கம் திரும்பினார். கூடமே அதிர்ந்தது. கீறலிலிருந்து ஒரு துண்டு காரை பாயில் விழுந்தது. எட்டு.

"ஆமா மாமா."

வாப்பா குனிந்து பாயின் ஒரு முனையைப் பிடித்து, நடுக்கூடத்திலிருந்து சுவர் ஓரத்துக்கு இழுத்துப் போட்டு, சுவரில் முதுகு சாய உட்கார்ந்தார். அதைக் கண்ட மாமி எதிர்ச் சுவருக்கு ஓடினார். மற்றவர்களும் ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் யாரும் இல்லை. அன்றைய விருந்தில் பிரியாணித் தட்டுகள் சுவரைச் சுற்றியே கைமாறிப் போயின. ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு ஊறுகாய் வேண்டுமென்றால் முழுக்கூடத்தையும் சுற்றி வர வேண்டியிருந்தது. மாமிக்கு மூன்று முறை வேண்டியிருந்தது.

ஜிலேபி மீனைச் செதில் எடுத்து, மசாலா தடவி, உம்மா சுடச்சுடப் பொரித்துப் போட்டார். மைதீன்தான் பரிமாறினான். ஒவ்வொரு மீனையும் தட்டில் வைக்கும்போது மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு கணம் நின்றான். ஒரு மீனுக்கு ஒரு கன அடி என்ற கணக்கை நான் சொல்லச் சொல்ல, வாப்பா தின்று முடித்தார். முள்ளை ஒரு ஓரமாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"அண்ணாச்சி, இருபத்தஞ்சு வருசம் கிரேன் ஓட்டியிருக்கேன். எடை தெரியாமத் தூக்குன ஆளு நெறைய பாத்தாச்சு. தெரிஞ்ச பெறகும் மானத்துக்குப் பயந்து எறக்காதவனுகளத்தான் அதிகம் பாத்திருக்கேன்." மைதீனை ஒருமுறை பார்த்தார். "ஒரு மீனுக்கு ஒரு கன அடின்னு சொல்லுதிய. அப்ப எம் மவ இங்கன வந்தா, வீட்டுல ஆளு ஒண்ணு கூடும்லா. அதுக்கு எத்தன கன அடி கூட்டணும்?"

 மைதீன் மீன் தட்டைப் பிடித்தபடி, யாருமே நிற்காத நட்ட நடுக்கூடத்தில் நின்றான்.

ஒரு ஆள் வாரத்துக்கு எத்தனை மீன் தின்பார், அது வளர எத்தனை மாதமாகும் என்று கூட்டிப் பார்க்காமல் நான் எண் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்குக் கூட்டவில்லை.

"மாடியில ஒரு அடிகூடக் கூட்டக் கூடாது பாய்," என்றேன். "தரையில வச்சா எத்தன வேணும்னாலும் கூட்டலாம்."

"அப்பம் முற்றத்த அளங்க."

மாமி எதிர்ச் சுவரிலிருந்து, "அளக்கும்போது அந்தப் புழுக்கையையே போடச் சொல்லுங்க. கல்லு வேண்டாம்," என்றார்.

பிறகு ஒரு என்ஜினியரைக் கூட்டி வந்து மாடியைக் காட்டினார்கள். அவர் ரொம்ப நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, தாங்கியிருந்தாலும் தாங்கியிருக்கும், தாங்காமல் போயிருந்தாலும் போயிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்குப் படிக்க வேண்டுமா என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சல். அதனால் அன்று நான் செய்தது சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பாத்திக்கு எந்தத் தொட்டி, எதைப் போட்டு நிரப்புவது என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் மட்டும் நான் திருப்பிக் கேட்கிறேன்: அதற்குக் கீழே யார் படுத்திருக்கிறார்கள்?

அன்று வாப்பா அளக்கச் சொன்னதும் மைதீன் தட்டை உம்மா கையில் திணித்துவிட்டு, டேப் எடுத்து வருகிறேன் என்று வெளியே ஓடினான். அவன் வீட்டில் டேப் கிடையாது. என் சட்டைப் பையில்தான் இருந்தது. சொல்ல நினைத்தேன். ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.